தேதி பார்த்துத் திறக்கவேண்டிய புத்தகங்கள்

ஆர்தர் கானன் டாயிலின் ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ நாவலின் எட்டாவது அத்தியாயம் அக்டோபர் 13 என்று தேதியிட்ட ஒரு கடிதம். ஒன்பதாவது, 15-ஆம் தேதிக் கடிதம். பத்தாவது, 16-ஆம் தேதி நாட்குறிப்பு. எழுதுகிறவர் டாக்டர் வாட்சன். அவர் தங்கியிருப்பது டார்ட்மூர் மேட்டுவெளியின் ஓரத்தில், தலைமுறை தலைமுறையாகச் சாபம் துரத்துவதாக ஊரே நம்பும் ஒரு மாளிகையில். இந்தத் தேதிகளைக் கவனிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அக்டோபர் முதல் வாரத்தில் நாவலை எடுங்கள். முதல் ஏழு அத்தியாயங்களை அவசரமில்லாமல் படித்து வையுங்கள். 13-ஆம் தேதி வரும்வரை பொறுத்திருந்து, அன்று இருட்டிய பிறகு எட்டாவதைத் திறங்கள். துப்பறிவாளர் ஹோம்ஸுக்கு அவர் எழுதிய கடிதம் அன்றைய தபாலில் உங்கள் கைக்கே வந்து சேரும். நூறு வருடங்களுக்கு மேலாக உலகம் படித்துத் தீர்த்த கதை, அன்று மத்தியானம்தான் நடந்ததாக மாறிவிடும்!

நான் வசிப்பது இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில். இங்கே இலையுதிர் காலம் வந்துவிட்டால் எனக்கு மர்ம நாவல் பித்துப் பிடித்துவிடும். பீச் மரங்கள் தாமிர நிறத்துக்கு மாறும். மேட்டுச் சரிவெல்லாம் பெரணிச் செடிகள் துருவேறிக் கிடக்கும். அக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைப்பார்கள். அதன் பிறகு ஐந்து மணிக்கெல்லாம் விளக்குப் போட்டாக வேண்டும். கோடையில் படித்தால் கெட்டிக்காரத்தனமான புதிராக மட்டும் தெரிகிற கதை, இந்த இருட்டில் வேறொன்றாகிவிடுகிறது. நான் கொண்டாடுகிற நாவல்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைச் செய்பவை. பேய், சாபம், சூனியம் என்று இருநூறு பக்கத்துக்கு நம்பவைத்துவிட்டு, பிறகு அறிவு என்ற விளக்கை ஏற்றுபவை. விளக்கு எரிந்த பிறகும் பயம் முழுசாகப் போவதில்லை பாருங்கள், அந்த மிச்சம்தான் இந்த வகை நாவல்கள் தருகிற பேரின்பம்.

பாஸ்கர்வில்ஸில் அது எவ்வளவு அழகாக நடக்கிறது! 1893 டிசம்பரில் ஹோம்ஸை சுவிட்சர்லாந்து அருவியில் தள்ளிக் கொன்றுவிட்டார் டாயில். அவர் விட்டொழித்த ஆளை மறுபடி அழைத்து வரவேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. ஆனால் பெர்ட்ரம் ஃப்ளெட்சர் ராபின்சன் என்ற பத்திரிகையாளர் நண்பர் டார்ட்மூர் பக்கத்துப் பேய்நாய்க் கதையைச் சொல்ல, 1901-இல் இருவரும் பிரின்ஸ்டவுன் என்ற ஊரில் தங்கி அந்த வெளியெங்கும் நடந்தார்கள். இடம் டாயிலைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் சிட்னி பேஜெட்டின் ஓவியங்களோடு தொடர் ஆரம்பித்து, 1902 ஏப்ரல் வரை ஓடியது. ஹோம்ஸ் சாவதற்கு முன்பு நடந்த வழக்கு என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டார். பாஸ்கர்வில் என்ற பெயர்கூட, ராபின்சன் வீட்டுக் குதிரைவண்டி ஓட்டியவருடையது.

ஹோம்ஸ் நாவலின் நடுப்பகுதி முழுக்க கண்ணிலேயே படமாட்டார் என்பதுதான் இதில் ஆகப் பெரிய தைரியம். லண்டனில் வேலை இருக்கிறது என்று வாட்சனைத் தனியாக அனுப்பிவிடுகிறார். ஹோம்ஸ் பக்கத்தில் இருந்தால் நமக்கு பயம் வராது; எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கும் ஆள் அவர். நல்லவர், விசுவாசி, ஆனால் நம்மைப் போலவே எதையும் அரைகுறையாகப் பார்க்கிற வாட்சன் மட்டும் அந்த வீட்டில் இருக்கிறார். நடுச்சாமத்தில் ஒரு பெண் விசும்பும் சத்தம் கேட்கிறது. வீட்டுப் பட்லர் பாரிமோர் மெழுகுவத்தியோடு ஜன்னலருகே நின்று இருட்டை வெறிக்கிறார். சிறையிலிருந்து தப்பிய கொலைகாரன் ஒருவன் வெளியில் எங்கோ பதுங்கியிருக்கிறான். வண்ணத்துப்பூச்சி வலையைத் தூக்கிக்கொண்டு திரியும் பக்கத்து வீட்டுக்காரர், புதைசேற்றில் ஒரு குதிரைக்குட்டி கத்திக்கொண்டே அமிழ்வதைக் காட்டுகிறார். பாறை உச்சியில், நிலாவுக்கு எதிரே, யாரென்று தெரியாத ஒரு மனிதனின் உருவம். எதற்கும் பதில் கிடையாது. 16-ஆம் தேதி நாட்குறிப்பை நீங்களும் 16-ஆம் தேதி படித்துவிட்டு விளக்கை அணைத்துப் பாருங்கள், தெரியும்!

துப்புகளும் எவ்வளவு நேர்மையாக வைக்கப்பட்டிருக்கின்றன! லண்டன் ஓட்டலில் இளம் வாரிசு ஹென்றி பாஸ்கர்வில்லின் புத்தம் புதிய பூட்ஸில் ஒன்று காணாமல் போகிறது. பிறகு பழைய, தேய்ந்த பூட்ஸ் ஒன்று தொலைகிறது. அதன்பின் புதியது திரும்பி வந்துவிடுகிறது. முதல்முறை படிக்கிறவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு கோப்பை டீ குடித்தபடி யோசியுங்கள். ஒரு திருடனுக்கு ஏன் புதியது வேண்டாம், பழையது வேண்டும்? மொத்த ரகசியமும் அந்தப் பூட்ஸுக்குள் இருக்கிறது. டாயில் அதை நம் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு, சாபக் கதையைச் சொல்லி நம் பார்வையைத் திருப்பிவிடுகிறார். பதினான்காவது அத்தியாயத்தில் பனிமூட்டம் தரையோடு தரையாக நகர்ந்து பாதையை நெருங்குகிறதே, அதைத் தோற்கடிக்கும் அளவுக்கு ஒரு காட்சி துப்பறியும் இலக்கியத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஹோம்ஸின் திட்டத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. பனியை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வெள்ளைச் சுவர் அங்குலம் அங்குலமாக வருவதும், ஹோம்ஸ் முதல்முறையாகப் பதறுவதும்... இந்த வரியை எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது.

இன்னொரு விஷயம் சொல்லவேண்டும், இதுதான் நாவலில் எனக்கு மிகப் பிரியமான ரகசியம். கடைசி அத்தியாயம் நடப்பது நவம்பர் மாதக் கடைசியில், பேக்கர் தெருவில், கணப்படுப்புக்கு முன்னால். ஹோம்ஸ் ஆற அமர உட்கார்ந்து எது எப்படி நடந்தது என்று விளக்குகிறார். அதைமட்டும் படிக்காமல் மூடி வையுங்கள். வழக்கு முடிந்துவிட்டது, குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது, ஆனால் எப்படி என்பதற்கு முழு விளக்கம் இல்லை. ஐந்து வாரம் அந்தக் கேள்விகளோடு திரியுங்கள். நவம்பர் முடியும் ஓர் இரவில் அந்த அத்தியாயத்துக்குத் திரும்பினால், வாட்சன் இருந்த அதே நிலையில் நீங்களும் இருப்பீர்கள்.

புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நிலத்தில் நடக்கக் கிடைத்ததை என் வாழ்க்கையின் பெரிய பாக்கியங்களில் ஒன்றாக நினைக்கிறேன். பிரின்ஸ்டவுனில் டாயில் தங்கிய பழைய டச்சி ஓட்டல் கட்டடம் பின்னாளில் தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையமானது. ஊருக்குள் எந்தத் தெருவில் திரும்பினாலும் டார்ட்மூர் சிறைச்சாலையின் கருங்கல் சுவர் கண்ணில் விழும். நெப்போலியன் போர்க் கைதிகளை அடைக்க 1809-இல் திறந்த சிறை அது. நாவலின் கொலைகாரன் தப்பி வருவதும் இங்கிருந்துதான். ஊருக்குத் தென்கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஃபாக்ஸ் டோர் புதைசேறு. நாவலில் வரும் கிரிம்பன் சதுப்புக்கு இதுதான் மூலம் என்பார்கள். பார்க்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது தெரியுமா! பச்சைப் பசேலென்று பாசி. எங்கே பச்சை அதிகமோ அங்கேதான் காலை வைக்கக் கூடாது. கிரிம்ஸ்பவுண்டு என்ற இடத்தில் வெண்கலக் காலத்து மக்கள் குடியிருந்த வட்டக் கல்வீடுகளின் அடித்தளங்கள் இன்னும் இருக்கின்றன. கூரையெல்லாம் போய்விட்டது; கல்வட்டங்கள் மட்டும். நாவலில் யாரோ ஒருவர் இப்படிப்பட்ட கல்வீட்டில்தான் ஒளிந்திருக்கிறார். அவர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகும், அந்த வட்டத்துக்குள் போய் நின்றபோது எனக்கு நெஞ்சு படபடத்தது.

பக்ஃபாஸ்ட்லி ஊரின் குன்றின் மேல் ரிச்சர்டு கேபெல் என்ற பண்ணையாரின் கல்லறை இருக்கிறது. 1677-இல் இறந்தவர். அவர் செத்த இரவில் கருநாய்கள் மேட்டுவெளியைக் கடந்து ஊளையிட்டுக்கொண்டு வந்தன என்பது ஊர்க்கதை. கல்லறைக்கு மேல் ஒரு சிறு கட்டடம் எழுப்பி, இரும்புக் கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் தேவாலயம் 1992-இல் தீப்பிடித்து எரிந்து, இப்போது கூரையில்லாமல் நிற்கிறது. அக்டோபர் மாலையில் அங்கே போய்ப் பாருங்கள். டாயில் ஏன் செத்த துப்பறிவாளனை எழுப்பினார் என்று யாரும் விளக்கத் தேவையிருக்காது.

அக்டோபர் 31-ஐ அகதா கிறிஸ்டிக்குக் கொடுத்துவிடவேண்டும். அவரும் எங்கள் டெவன்காரர்தான், டார்கீயில் பிறந்தவர். முதல் நாவலை எழுதி முடிக்க அவர் போய்த் தங்கியதும் டார்ட்மூரில்தான், ஹேடோர் பாறைக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஓட்டலில். ‘ஹாலோவீன் பார்ட்டி’ 1969-இல் வந்தது. கிறிஸ்டியின் கடைசிக் கால நாவல்களில் பிடி தளர்ந்துவிட்டது என்று விமர்சகர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். ஹாலோவீன் அன்றைக்குப் படிக்க இதைவிட ஒரு புத்தகம் கிடையாது என்று நான் எங்கேயும் நின்று சொல்வேன்.

முதல் அத்தியாயத்தை மத்தியானம் படியுங்கள். கதையிலும் அப்போது விருந்துக்கான ஏற்பாடுகள்தான் நடந்துகொண்டிருக்கின்றன. பூசணிக்காய்களைச் சுமந்துகொண்டு பெண்களும் பிள்ளைகளும் இங்குமங்கும் ஓடுகிறார்கள். துப்பறியும் நாவலாசிரியை அரியாட்னி ஆலிவர் அங்கே இருப்பதால், பதின்மூன்று வயதுப் பெண் ஜாய்ஸ் பெருமைக்கு ஒன்றைச் சொல்கிறாள்: நான் ஒரு கொலையைப் பார்த்திருக்கிறேன். யாரும் நம்பவில்லை, அவள் எப்போதும் கதை விடுகிறவள். இரண்டாவது அத்தியாயத்தை இருட்டிய பிறகு எடுங்கள். விருந்து நடக்கிறது. கைக்கண்ணாடியில் வருங்காலக் கணவனின் முகத்தைப் பார்க்கும் விளையாட்டு. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் ஆப்பிளை வாயால் கவ்வும் விளையாட்டு. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பிராந்தியில் நீல நெருப்பாக எரியும் உலர்திராட்சையைக் கையால் பொறுக்கும் ஸ்னாப்டிராகன். பிள்ளைகளின் கூச்சல், சிரிப்பு. விருந்து முடிந்த பிறகு நூலக அறையில், அதே ஆப்பிள் தொட்டியில், ஜாய்ஸ் மூழ்கடிக்கப்பட்டுக் கிடக்கிறாள்.

குழந்தைகளின் விளையாட்டுச் சாமானையே கொலைக்கருவியாக்கும் அந்தக் குரூரம் கிறிஸ்டிக்கு மட்டுமே வரும். இந்த நாவலில் ஒரு தோட்டம் வருகிறது, பாழடைந்த கல்குவாரிக்குள் ஒரு கலைஞன் உருவாக்கிய தோட்டம். வயதாகிவிட்ட துப்பறிவாளர் பொய்ரோ, காலைக் கடிக்கும் பளபளப்பான ஷூவோடு அதற்குள் இறங்கி நடக்கிறார். அந்த அழகுக்குள் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது, நமக்கும் தோன்றுகிறது, என்னவென்று மட்டும் பிடிபடுவதில்லை. பேயே இல்லாத நாவல் இது. ஆனால் அந்தத் தோட்டத்தில் இருக்கும் ஏதோ ஒன்று எந்தப் பேயையும்விட மோசமானது.

கிறிஸ்டியின் இன்னொரு இலையுதிர் கால நாவல் ‘தி ஹாலோ’, 1946. பொய்ரோ காட்டுப் பாதை வழியாக மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். நீச்சல் குளத்தருகே ஒருவர் விழுந்து கிடக்கிறார், ஒரு பெண் கையில் துப்பாக்கியோடு நிற்கிறாள், நீல நீரில் சிவப்பு சொட்டுகிறது. தன்னை வரவேற்கப் போட்ட நாடகக் காட்சி என்று எரிச்சலடைகிறார் அவர். பொய்ரோவை இதில் நுழைத்திருக்கவே கூடாது என்று கிறிஸ்டி பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். அந்த ஒரு காட்சிக்காகவாவது அவர் இருந்தது நல்லதுதான்.

நவம்பரை நான் ஜப்பானில் ஆரம்பிப்பேன். அதற்கு முன் ஜான் டிக்சன் காரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்து, பூட்டிய அறைக்குள் நடக்கும் கொலைகளையே மூச்சாகக் கொண்டவர். ‘ஹீ ஹூ விஸ்பர்ஸ்’ என்ற அவருடைய 1946-ஆம் ஆண்டு நாவலில், ஆற்றோரக் கோபுரத்தின் உச்சியில் ஒருவர் கத்திக்குத்துப்பட்டு இறக்கிறார். அவர் அருகே யாருமே போயிருக்க முடியாது. ரத்தம் குடிக்கும் பேய் ஒன்றின் வேலை என்று ஊர் முடிவு கட்டுகிறது. கதை நடக்கும் பருவம் எதுவாக இருந்தாலும் சரி, படிக்கவேண்டியது இந்தக் குளிரில்தான்.

இந்தக் காரைப் படித்துச் சொக்கிப்போனவர் யோகோமிஸோ செய்ஷி. போர் முடிந்தவுடனே, 1946-இல், ‘ஹோன்ஜின் கொலைகள்’ நாவலை எழுத ஆரம்பித்தார். 1937 நவம்பரில் ஒரு கல்யாண இரவு, பெருங்குடும்பத்து வீடு, விடிவதற்கு முன் ஓர் அலறல், கூடவே கோட்டோ என்ற தந்தி வாத்தியத்தை யாரோ வெறிகொண்டு மீட்டும் ஓசை. உள்ளே மணமக்கள் வெட்டுண்டு கிடக்கிறார்கள். வெளியே விழுந்த பனியில் காலடி எதுவுமில்லை. தோட்டத்தில் ஒரு வாள் மட்டும் குத்தி நிற்கிறது. அந்த வாத்திய ஓசையை நான் பல இரவு கனவில் கேட்டிருக்கிறேன். ஜப்பானிய துப்பறியும் எழுத்தாளர்கள் 1948-இல் முதன்முதலாக விருது ஏற்படுத்தியபோது அது போனது இந்த நாவலுக்குத்தான். வேறெதற்குப் போயிருக்கும்!

ஆனாலும் யோகோமிஸோவில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்றால் ‘இனுகாமி குடும்பம்’ எடுங்கள். பட்டு வியாபாரத்தில் கொழித்த ஒரு கிழவர் சாகும்போது, மூன்று வெவ்வேறு பெண்களிடம் பிறந்த மூன்று மகள்களையும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்கவைக்கும் உயில் ஒன்றை எழுதிவிட்டுப் போகிறார். அதைப் படிக்க, பர்மாப் போர்முனையிலிருந்து ஒரு பேரன் திரும்பி வரவேண்டும். வருகிறான். போரில் முகம் சிதைந்துபோனதால் ரப்பர் முகமூடியோடு வருகிறான். முகமூடிக்குள் இருப்பது அவன்தானா? சொந்தத் தாய்க்கே சந்தேகம் வரும் அளவுக்குப் பயங்கரமான கேள்வி அது. ஜப்பானில் இலையுதிர் காலத்தில் சாமந்திப் பூக்களால் ஆளுயர பொம்மைகளுக்கு உடை தைத்துக் கண்காட்சி வைப்பார்கள். அந்த அழகான வழக்கத்தை யோகோமிஸோ என்ன செய்கிறார் என்பதை நான் சொல்லமாட்டேன். அதற்கப்புறம் சாமந்தி பார்த்தாலே உங்களுக்கு ஒரு நொடி தயக்கம் வரும். துப்பறிபவர் கின்தாய்ச்சி கோசுகே அழுக்கான பழைய உடையும் கலைந்த தலையுமாக வருகிறார், உற்சாகம் வந்தால் திக்குகிறார், தலையைச் சொறிந்து பொடுகு கொட்டுகிறார். உலகத் துப்பறிவாளர்களிலேயே எனக்கு அதிகம் பிடித்தவர் இவர் என்று சொல்லக்கூட எனக்குத் தயக்கமில்லை, இத்தனை நேரம் ஹோம்ஸைப் புகழ்ந்த பிறகும்.

இதே வாரங்களில் தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழை கொட்டிக்கொண்டிருக்கும். பழுத்த இலையும் பனிமூட்டமும் இல்லையென்றால் என்ன, மழையும் மின்வெட்டும் போதாதா! அங்கே இருப்பவர்களுக்கு சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இருக்கிறது. குமுதத்தில் தொடராக வந்து வாசகர்களை வாராவாரம் நடுங்கவைத்த நாவல். பெரும் சொத்துக்கு வாரிசான ஓர் இளம்பெண், தனித்து நிற்கும் பழைய மாளிகை, கண்ணெதிரே தோன்றி மறையும் உருவம், அதை விசாரிக்க வரும் கணேஷ், வசந்த். பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர் எழுதிய பேய்க்கதை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். பேயா விஞ்ஞானமா என்ற வழக்கை இருபக்கமும் இவ்வளவு வலுவாக நடத்திய இன்னொரு தமிழ் நாவலை நான் பார்த்ததில்லை. வசந்தின் வாய்த்துடுக்கில் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பத்தியில் ரத்தம் உறைகிறது. டாயிலும் காரும் கையாண்ட அதே வித்தை, நம் ஊர் வீட்டுத் தாழ்வாரத்தில்! இங்கே டெவனிலும் வருடத்தில் ஓர் இரவு அதற்குத்தான். வெளியே மழை பெய்தால் போதும், தேதி எதுவும் தேவையில்லை.

நவம்பர் கடைசி வாரம் உம்பர்த்தோ எக்கோவுக்கு. 1980-இல் இத்தாலிய மொழியில் வந்த ‘தி நேம் ஆஃப் தி ரோஸ்’ 1327 நவம்பர் இறுதியில், இத்தாலியின் வடக்கே ஒரு மலை மடாலயத்தில், சரியாக ஏழு நாட்களில் நடக்கிறது. எக்கோ கதையை நாள்களாகப் பிரித்து, ஒவ்வொரு நாளையும் துறவிகளின் ஜெப வேளைகளாகப் பிரித்திருக்கிறார். ஆக, வாசகருக்கு அவர் கொடுத்திருப்பது ஒரு கால அட்டவணையேதான்! விடிகாலை ஜெபத்துக்கான பகுதியை விடிகாலையிலும், படுக்கப் போகும் முன் சொல்லும் ஜெபத்துக்கான பகுதியைப் படுக்கையிலும் படித்து, ஏழு நாளில் முடித்துப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்களால் அத்தனை வேளைகளையும் பிடிக்க முடியாது. காலையும் இரவும் பிடித்தாலே போதும், அந்த மடாலயத்தின் குளிர் உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும்.

துப்பறியும் துறவியின் பெயரைக் கேளுங்கள்: பாஸ்கர்வில்லைச் சேர்ந்த வில்லியம். எக்கோ யாருக்குக் கும்பிடு போடுகிறார் என்பதில் சந்தேகமே வேண்டாம். மடாலயத்துக்குள் நுழையும் முன்பே, பனியில் பதிந்த குளம்புத் தடத்தையும் முறிந்த கிளையையும் பார்த்து, தப்பி ஓடிய குதிரை எப்படி இருக்கும், எந்தப் பக்கம் போனது, அதன் பெயர் என்ன என்பதுவரை சொல்லிவிடுகிறார் வில்லியம். பெயரை எப்படிக் கண்டுபிடித்தார் என்று படித்ததும் நான் எழுந்து நின்று கைதட்டினேன். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு துறவி சாகிறார். விவிலியத்தின் வெளிப்பாட்டு நூலில் ஏழு எக்காளங்கள் முழங்குமே, அந்த வரிசையிலேயே சாவுகள் வருவதாக மடாலயம் நடுங்குகிறது. எல்லாத் தடயங்களும் போய்ச் சேருவது ஒரே இடத்துக்கு: யாரும் நுழையக் கூடாத நூலகம், வழி தவறச் செய்வதற்கென்றே கட்டிய சுற்றுப்பாதை அறைகள். புத்தகம் வாசிக்கப் பிடிக்கும் எவருக்கும் அதைவிட ஆசையும் அச்சமும் தருகிற இடம் இருக்க முடியாது.

முதல் நூறு பக்கம் கடினம், உண்மைதான். திருச்சபைச் சண்டைகள், கட்டடக்கலை, லத்தீன். அவற்றைக் குறைக்கச் சொல்லி நண்பர்களும் பதிப்பாளர்களும் கேட்டும் எக்கோ மறுத்துவிட்டார். மடாலயத்துக்குள் வர விரும்புகிறவர் மலையேறித்தான் ஆகவேண்டும் என்பது அவர் கட்சி. நான் முழுக்க அவர் பக்கம். மூச்சு வாங்க ஏறி வந்தவர்களுக்குத்தான் நூலகத்துக்குள் எரியும் சின்ன விளக்கின் மதிப்பு தெரியும். ஏழாம் நாள் இரவைப் படிக்கும்போது என்னை யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எக்கோவை முடித்துவிட்டு, மூடி வைத்திருக்கும் பாஸ்கர்வில்ஸ் கடைசி அத்தியாயத்தையும் படித்தாகிவிட்டால், மீதி இருப்பது டாஃப்னி டு மோரியேயின் ‘ஜமைக்கா இன்’. 1936-ஆம் ஆண்டு நாவல். கொலைகாரன் யார் என்று தேடும் சட்டகத்துக்குள் அடங்காத கதை. ஆனால் கடைசிவரை யார் தலைவன் என்பதை மறைத்து வைக்கிற வித்தையில் கிறிஸ்டிக்கு ஒரு படியும் குறைந்தவரல்ல டு மோரியே. எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கார்ன்வாலில், பாட்மின் மேட்டுவெளியில், அந்தச் சத்திரம் இன்றும் இருக்கிறது. 1930-இல் அங்கே தங்கியிருந்த டு மோரியேயும் அவர் தோழியும் குதிரையில் போய், மோசமான வானிலையில் வழி தவறிவிட்டார்கள். கடைசியில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு, குதிரைகளே வழி கண்டுபிடிக்கட்டும் என்று விட்டு, அவை கொண்டுவந்து சேர்த்ததில் பிழைத்தார்கள். அந்த இரவின் திகில்தான் நாவல் முழுக்கப் பரவியிருக்கிறது.

நவம்பர் மாத முடிவில், மழையில், குதிரைவண்டியில் மேரி யெலன் வருவதோடு கதை தொடங்குகிறது. அம்மா இறந்துவிட்டார், சித்தியைத் தேடி வருகிறாள். ஒரு காலத்தில் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்த சித்தி, நிழலுக்கே பயந்து நடுங்கும் பெண்ணாகிக் கிடக்கிறாள். சித்தப்பா ஜாஸ் மெர்லின் பூதாகரமான குடிகாரர். சத்திரத்தில் விருந்தாளி என்று ஒருவரும் தங்குவதில்லை, ஒரு அறை எப்போதும் பூட்டியே இருக்கிறது, நள்ளிரவில் வண்டிகள் வந்து போகின்றன. மேரியைப் போல ஒரு கதாநாயகியைக் கண்டால் விடாதீர்கள். பயப்படுகிறாள், பயந்துகொண்டே படியிறங்கிப் போய்ப் பார்க்கிறாள். கதையின் உச்சம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் வருகிறது. ஆகவே டிசம்பர் முழுக்க ஒரு நாளைக்குக் கொஞ்சமாக, 24-ஆம் தேதி அந்தப் பகுதிக்கு வந்து சேரும்படி அளவு வைத்துப் படிக்கலாம். என்னால் அந்தக் கட்டுப்பாடு முடிகிறது என்றால், உங்களாலும் நிச்சயம் முடியும். ஒவ்வோர் இரவும் புத்தகத்தை மூடுவது அவ்வளவு சுகமான சித்திரவதை.

அதற்குமேல் குளிர்காலம். அது அசல் பேய்க்கதைகளின் பருவம். சார்லஸ் டிக்கன்ஸும், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களுக்குக் கதை படித்துக் காட்டிய எம். ஆர். ஜேம்ஸும் ஆளும் வேறு ராஜ்ஜியம். அங்கே விளக்கேற்றி விளக்கம் சொல்ல எந்தத் துப்பறிவாளரும் வரமாட்டார்.